யோசனை மட்டும் கேட்க வந்தவன்

அவனுக்குச் சக்கரம் என்று பெயர் வைத்தவன் ஆய்வுக்கூடத்தில் அடுத்த மேசைக்காரன். காலில் சக்கரத்தைக் கட்டிக்கொண்டு பிறந்தவன் என்று பொருள். போனில் பேசினால் நடப்பான். யோசித்தால் நடப்பான். கெட்ட செய்தி வந்தால் நடப்பான், நல்ல செய்தி வந்தால் இன்னும் வேகமாக நடப்பான். பொறியியல் கட்டடத்தின் மாடித் தாழ்வாரத்தில் தரை வழவழவென்று இருப்பது அவன் தேய்த்த தேய்ப்பால்தான் என்று துப்புரவு செய்கிறவர்கள் சொல்வார்களாம். அதை வீட்டில் வந்து பெருமையாக வேறு சொன்னான்.

ஒரே ஒரு காரியத்தில் மட்டும் அசையாமல் நிற்பான். மண்ணுக்கடியில் புதைந்திருக்கும் குடிநீர்க் குழாயில் எங்கே ஓட்டை விழுந்திருக்கிறது என்று சத்தத்தை வைத்தே கண்டுபிடிப்பதுதான் அவன் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட விஷயம். தார்ச்சாலையில் வட்டமான ஒரு மைக்கை வைத்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு நின்றானென்றால் ஆணி அடித்த மாதிரி நிற்பான். கசிகிற தண்ணீரின் சத்தம் வேறு, குழாயில் சும்மா ஓடுகிற தண்ணீரின் சத்தம் வேறு, தூரத்து லாரியின் உறுமல் வேறு. எல்லாவற்றையும் பிரித்துச் சொல்வான். "என்னையும் ஒரு குழாயா நெனச்சு ஒரு நாள் காதை வெச்சுக் கேளுங்க" என்பாள் மனைவி. அவன் சிரித்துக்கொண்டே அடுத்த அறைக்கு நடந்துவிடுவான்.

பட்டம் கைக்கு வந்தது. வினையும் அன்றைக்கே ஆரம்பித்தது. வெளிநாட்டிலிருந்து படிக்க வந்தவர்களைப் பட்டம் வாங்கிய பிறகு கொஞ்ச காலம் தங்க விடுவார்கள். அதற்குள் படித்த படிப்புக்கு ஏற்ற வேலை ஒன்றைப் பிடித்தாக வேண்டும். பிடிக்காவிட்டால் மூட்டை முடிச்சைக் கட்ட வேண்டியதுதான். அவன் தனி ஆள் என்றால் போனால் போகிறது என்று விட்டுவிடலாம். வீட்டில் அவள் இருந்தாள். ஊரில் ஒரு தணிக்கை அலுவலகத்தில் தனக்குக் கீழே பத்துப் பேரை வைத்து வேலை வாங்கியவள். இங்கே வந்ததும் அவள் அனுமதி அட்டையில் 'உடன் வந்தவர்' என்று அச்சடித்துக் கொடுத்துவிட்டார்கள். உடன் வந்தவர் சமைக்கலாம், துவைக்கலாம், குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் விட்டு அழைத்து வரலாம். சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது.

அவனுக்கு வேலை கிடைத்தால் வேலை கொடுக்கிற நிறுவனம் அவளுக்கும் சேர்த்து அனுமதி கேட்டு எழுதலாம். நிறையப் பேர் எழுதுவதில்லை. கேட்டால் எழுதுவார்கள். கேட்காவிட்டால் யாருக்கோ வந்த விருந்து என்று இருந்துவிடுவார்கள். இந்த விவரத்தையெல்லாம் அவள் கரைத்துக் குடித்து வைத்திருந்தாள். கரைத்துக் குடித்து என்ன செய்வது? வேலைக்குப் போக வேண்டிய கை சும்மா இருக்காமல் அலமாரி டப்பாக்களையெல்லாம் இறக்கிப் பெயர் ஒட்டி அடுக்கியது. அடுத்த வாரம் அதே டப்பாக்களை இறக்கி வேறு வரிசையில் அடுக்கியது. வீட்டில் ஒருவர் நடந்துகொண்டே இருக்க, ஒருவர் அடுக்கிக்கொண்டே இருந்தார்.

அவனைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கேட்பது என்பது அவனுக்குப் பிறவியிலேயே வராத ஒன்று. அப்பா தபால் நிலையத்தில் வேலை பார்த்தவர். பக்கத்து வீட்டில் நல்ல ஏணி இருந்தது. ஆனாலும் இவர்கள் வீட்டில் பல்பு மாற்ற வேண்டுமென்றால் நாற்காலிமேல் முக்காலியை வைத்து அம்மா ஏறுவாள், அப்பா முக்காலியைப் பிடித்துக்கொள்வார், இவன் நாற்காலியைப் பிடித்துக்கொள்வான். ஏணியை ஒரு தடவை கேட்டு வாங்கியதாகச் சரித்திரம் இல்லை. விருந்துக்குப் போனால் முதல் தடவை பரிமாறியதுமே போதும் போதும் என்று கையைக் காட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து மிச்ச வயிற்றை நிரப்பிக்கொள்ளும் குடும்பம். அப்படி வளர்ந்தவனுக்குப் பரீட்சை என்று ஒன்று கிடைத்தது பெரிய வரம். யாரிடமும் வாயைத் திறக்க வேண்டாம். விழுந்து விழுந்து படித்தால் பட்டியலில் பெயர் வரும், போய் வாங்கிக்கொள்ளலாம். பள்ளிக்கூடம், கல்லூரி, வெளிநாட்டுப் படிப்பு எல்லாம் அப்படி வந்ததுதான். கல்யாணத்தையும் அந்தக் கணக்கிலேயே சேர்க்கலாம். பெண் வீட்டார் கேட்டார்கள், இவன் தலையை ஆட்டினான்.

வேலையும் அப்படியே தேடி வரும் என்று நம்பினான். கம்ப்யூட்டர் முன்னால் நின்றபடியே கண்ணில் பட்ட நிறுவனங்களுக்கெல்லாம் விண்ணப்பம் போட்டான். பதில்கள் வந்தன. நன்றி சொல்லி ஆரம்பித்து வாழ்த்துச் சொல்லி முடிந்தன, நடுவில் ஒரு வருத்தம். சில பதில்கள் அனுப்பிய சூடு ஆறுவதற்குள் திரும்பி வந்தன. மனிதர் யாராவது படித்தார்களா என்று கேட்கக்கூட ஆள் இல்லை. இதற்கிடையில் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து துள்ளிக் குதித்து வந்தாள். அடுத்த வருஷ நாடகத்தில் அவள்தான் மரமாம். பேசவே வேண்டாமாம், கையை விரித்துக்கொண்டு நின்றால் போதுமாம். அடுத்த வருஷம் நாம் எங்கே இருப்போமோ என்று குழந்தையிடம் யார் சொல்வது? இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டு, ரொம்ப நல்ல வேஷம் என்று சொல்லி வைத்தார்கள்.

பல்கலைக்கழகத்தில் வேலை வழிகாட்டி அலுவலகம் என்று ஒன்று உண்டு. அங்கே போய் ஒரு வார்த்தை பேசுங்கள் என்று அவள் சொல்லாத நாள் இல்லை. கடைசியில் அவள் வாய்க்குப் பயந்துதான் போனான். வெளிநாட்டு மாணவர்களுக்கென்று அங்கே ஓர் ஆலோசகர் இருந்தார். ஒல்லியான அம்மாள். மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, அதையே மேசையெல்லாம் தேடுகிறவர். அவன் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். இவனைப் போல எத்தனை பேரைப் பார்த்திருப்பார், முகத்தில் சலிப்பே இல்லை.

"வேலை வேணும்னு போய் நிக்காதீங்க. யோசனை கேக்க வந்தேன்னு போங்க. எடுத்த எடுப்புலயே வேலையைக் கேட்டா எதிர்ல இருக்கறவங்களுக்குச் சங்கடம். இல்லைன்னு சொல்லி அனுப்பிடுவாங்க. யோசனைன்னா உட்காரவெச்சுப் பேசுவாங்க."

அவனுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. கேட்க வேண்டாமாம். கேட்கவே கூடாதாம். அதற்கென்றே சம்பளம் வாங்குகிற ஒரு பெரிய மனுஷி தன் வாயால் சொல்கிறார். சட்டென்று எழுந்துவிட்டான். அந்த அம்மாள் மேற்கொண்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். கதவுப் பிடியில் கையை வைத்தபடி சரிங்க, சரிங்க என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தான். அன்றைக்குத் தாழ்வாரத்தில் அவன் போன வேகத்தைப் பார்த்து எதிரே வந்தவர்கள் சுவரோடு ஒதுங்கினார்கள்.

அதன் பிறகு யோசனை கேட்கிற படலம் ஆரம்பமானது. பாடத்திட்டம் கிடைத்துவிட்டால் இந்த மாதிரி ஆளைப் பிடிக்க முடியுமா? தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று ஒருவர் விடாமல் போய்ப் பார்த்தான். உட்கார்ந்ததும் முதல் வாக்கியம், "வேலைக்காக வரலைங்க, உங்க யோசனை கேக்கத்தான் வந்தேன்." அந்த அம்மாள் சொன்னது உண்மைதான். எல்லோரும் உட்காரவைத்துப் பேசினார்கள். இனாமாகக் கொடுப்பதில் மனிதர்களுக்கு யோசனை அளவுக்குப் பிடித்தது வேறொன்றும் கிடையாது. வால்வு தயாரிக்கிற ஒருவர், முதலில் காரோட்டக் கற்றுக்கொள் என்றார். நகர நீர் அலுவலகத்துப் பொறியாளர், இன்னொரு பட்டம் படி என்றார். மீசையை எடுத்துவிட்டால் முகம் தெளிவாக இருக்கும் என்றார் ஒருவர். இன்னொருவர் டீ வாங்கிக் கொடுத்து, அரைப் பொழுது தன் மருமகனைப் பற்றிப் புலம்பிவிட்டு, ஊருக்கே திரும்பிப் போய்விடுவது உத்தமம் என்று முடித்தார்.

ஒவ்வொன்றையும் வந்து மனைவியிடம் ஒப்பிப்பான். அவள் டப்பாவைத் துடைத்துக்கொண்டே கேட்பாள். ஒரு நாள் பொறுக்க மாட்டாமல், "வீடு பூரா யோசனையா இருக்கு. இதை வேகவெச்சுத் திங்கறதா, வறுத்துத் திங்கறதா?" என்று கேட்டாள். இதெல்லாம் விதை போடுகிற வேலை, முளைக்க நாளாகும் என்றான். நாள்தான் நம் கையில் இல்லை என்று அவள் சொன்னபோது அவன் வாசலுக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டிருந்தான்.

நகரத்துக் குழாய்களில் பாதியைப் பராமரிக்கிற நிறுவனத்தில் வரைபடப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்திருந்தான், அவனுக்குப் பெயர் வைத்த அந்த மேசைக்காரன். இருவரும் மாமன் மச்சான் இல்லை, ஆனாலும் மாப்ளே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். அவன்தான் கசிவுப் பிரிவின் தலைவியிடம் சொல்லி நேரம் வாங்கிக் கொடுத்தான். போய் நல்லபடியாகப் பேசு என்று சொன்னானே தவிர, எதற்கு என்று உடைத்துச் சொல்லவில்லை. சொல்லாமலே புரியும் என்று நினைத்துவிட்டான் பாவம்.

நிறுவனத்தின் பணிமனை பெரிய கொட்டகை மாதிரி இருந்தது. சேறு காய்ந்த பூட்ஸ்கள் சுவரோரம் வரிசையாகக் கிடந்தன. துருவேறிப் பிளந்த குழாய்த் துண்டுகளை வெட்டி எடுத்து, எந்தத் தெரு என்று சாக்கட்டியால் எழுதி அடுக்கியிருந்தார்கள். தலைவி அவனைவிட மூத்தவர், குட்டை முடி, முழங்கை வரை மடித்துவிட்ட சட்டை. கை கொடுப்பதற்கு முன்னால் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். பேச்சுக்குப் பேச்சு மரியாதை பார்க்கிறவர் இல்லை. நேராகக் கொண்டுபோய் ஒரு ஹெட்போனைக் கொடுத்து, ஒரு தெருவில் பதிவு செய்த சத்தம், இதைக் கேட்டுச் சொல்லுங்கள் என்றார். அந்த இடத்தில் தோண்டித் தோண்டிப் பார்த்தும் ஒன்றும் அகப்படவில்லையாம்.

அவன் கேட்டான். திரும்ப ஒரு தடவை கேட்டான். இது ஓட்டையே இல்லை, பக்கத்தில் எங்கோ ஒரு வால்வைப் பாதி மூடி வைத்திருக்கிறார்கள், அந்த இடுக்கில் தண்ணீர் நெருக்கியடித்துப் போகிற சத்தம் என்றான். அவர் அடுத்த பதிவைப் போட்டார், அதற்கடுத்ததைப் போட்டார். பொழுது போனதே தெரியவில்லை. இரண்டு பேரும் குழாயைப் பற்றிப் பேசின பேச்சைக் கேட்டால் வெளியாட்கள் சம்பந்தம் பேசுகிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். கடைசியில் அவர் ஹெட்போனைச் சுருட்டி வைத்துவிட்டுப் பேச்சை எடுத்தார், "எங்க பிரிவுல ஆள் பத்தலை. உங்களை மாதிரி ஒருத்தர் வேணும்னு தேடிக்கிட்டிருக்கோம்."

இவன் சொன்னான், "தெரிஞ்சவங்க யாராவது இருந்தா கண்டிப்பா சொல்றேங்க."

இதை எழுதும்போதே தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. அவர் ஒரு நிமிஷம் அவனையே பார்த்தார். வாசல் வரை வந்து வழியனுப்பும்போது மறுபடியும், அப்படியானால் நீங்கள் இப்போது வேலை தேடவில்லையா என்று கேட்டார். அவனுக்கு அது கேள்வித்தாளில் வேண்டுமென்றே மாட்டிவிடுகிற கேள்வி மாதிரி பட்டது. அசருவானா? "இல்லைங்க, உங்க யோசனை கேக்கத்தான் வந்தேன். தப்பா நெனச்சுக்காதீங்க" என்று இரண்டு கையையும் கூப்பாத குறையாகச் சொன்னான். அவர் நல்லது என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். பேருந்து ஏறாமல் வீடு வரை நடந்தே வந்தான், அவ்வளவு சந்தோஷம்.

வேலை இருக்கிறதா என்று கேட்டீர்களா என்று மனைவி கேட்டாள். அதெல்லாம் எடுத்த எடுப்பில் கேட்கக் கூடாது என்று பாடம் நடத்தினான். நன்றி சொல்லி அழகாக ஒரு மின்னஞ்சல் அனுப்பினான். அதிலும் மறக்காமல் யோசனைக்குத்தான் நன்றி சொல்லியிருந்தான்.

சில நாள் கழித்து ஒரு சாயங்காலம் மேசைக்காரன் கூப்பிட்டான். வழக்கமான கேலி இல்லை.

"மாப்ளே, உனக்கு வேற எங்கயாவது கெடைச்சிடுச்சா?"

"இல்லையே, ஏன்டா?"

"பின்ன என்னடா பண்ணிட்டு வந்திருக்கே? அந்த எடத்தை உனக்காகத்தான் வெச்சிருந்தாங்க. நீ வேலையே தேடலைன்னுட்டியாமே. வேற ஒருத்தர் பேரை மேல அனுப்பிட்டாங்க."

போனை வைத்தபோது அவன் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. கூடத்துக்கும் அடுக்களைக்கும் போய்ப் போய் வந்தான். என்ன விஷயம் என்று அவள் கேட்டாள். மறைக்கிற சாமர்த்தியமும் அவனுக்குக் கிடையாது. நடந்தபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தான். தெரிந்தவர்கள் இருந்தால் சொல்கிறேன் என்று சொன்னதையும் சொன்னான். அவள் கையில் இருந்த டப்பாவை மேசைமேல் மெதுவாக வைத்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தான். கத்தியிருந்தால் தேவலை.

"ரெண்டு வேலையை வேண்டாம்னு சொல்லிட்டு வந்திருக்கீங்க. ஒண்ணு உங்களது. இன்னொண்ணு என்னது."

அந்த ஆலோசகர் அம்மாள்தான் அப்படிச் சொன்னார் என்று ஆரம்பித்தான். அவள் விடவில்லை.

"அவங்க நல்ல மனசோட சொன்னாங்க. அது உங்களுக்கு வசதியாப் போச்சு. உங்களுக்குக் கேக்கறதுக்குப் பயம். அந்தப் பயத்துக்கு ஒரு நல்ல சட்டையை மாட்டி, யோசனைன்னு பேர் வெச்சு ஊரெல்லாம் கூட்டிட்டுப் போனீங்க."

மகள் உள்ளே கையை விரித்து மரம் மாதிரி நின்று பழகிக்கொண்டிருந்தாள். அவனுக்கு அழுகை வந்தது. அவமானமா, கோபமா, எது முன்னால் வந்தது என்று அவனுக்கே தெரியாது. மறுநாள் காலையில் கோபம் முந்திக்கொண்டது. ஆலோசகரை ஒரு கை பார்த்துவிடுவது என்று கிளம்பினான். உங்களால்தான் என் பிழைப்பு போயிற்று என்று நின்றபடியே அவரிடம் கொட்டித் தீர்த்தான். அவர் கண்ணாடியைத் தேடி, கண்டுபிடித்து, மாட்டிக்கொண்டு அவனைப் பார்த்தார்.

"அதுக்கப்புறம் நான் சொன்னது காதுல விழுந்துச்சா? வேலைப் பேச்சை அவங்களே எடுத்தா, மூச்சு விடறதுக்கு முன்னால ஆமான்னு சொல்லுங்கன்னேன். நீங்க கதவைப் புடிச்சுக்கிட்டுத் தலையாட்டிட்டுப் போனீங்க."

அவன் உட்கார்ந்தான். தனக்குப் பிடித்த பாதியை மட்டும் வாங்கிக்கொண்டு ஓடியிருக்கிறான். ஊரில் இருக்கிற எல்லாச் சத்தத்தையும் பிரித்துச் சொல்கிற காது அது. இப்போது என்ன செய்ய என்று கேட்க வாயெடுத்தான். அதுவும் இன்னொரு யோசனைதான் என்று அவனுக்கே உறைத்தது. எழுந்து, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து மேசைக்காரனைக் கூப்பிட்டான். தலைவி இன்றைக்கு எங்கே இருக்கிறார் என்று கேட்டான்.

பழைய தெரு ஒன்றில் இருந்தார். ஒரு பக்கம் பள்ளிக்கூடத்தின் பின்சுவர், எதிரே செருப்புத் தைக்கிற கடை, சலவைக் கடை, வரிசையாக நிறுத்திய கார்கள். தெருவின் இரண்டு முனையிலும் தடுப்பு வைத்து வண்டிகளை நிறுத்தியிருந்தார்கள். தலைவி நடுத்தெருவில் மைக்கை வைத்துக்கொண்டு ஹெட்போனோடு குனிந்திருந்தார். இவன் வேகமாக வந்து வாயைத் திறந்ததும், மண்வெட்டியோடு நின்றிருந்த ஆள் உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். கேட்கிற நேரத்தில் யாரும் பேசக் கூடாது, காலைத் தூக்கி வைக்கவும் கூடாது. அது அவனைவிட யாருக்குத் தெரியும்?

நின்றான். நிற்க நிற்கப் பயம் ஏறியது. திரும்பிப் போய்விடலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை என்று ஒரு புத்தி சொன்னது. போகிற போக்கில் வந்தேன், அந்த வால்வு விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்டு வைக்கலாம் என்று இன்னொரு புத்தி வழி சொல்லிக் கொடுத்தது. அவர் மைக்கை எடுத்து ஓரடி தள்ளி வைத்தார். மறுபடியும் ஓரடி. எவ்வளவு நேரம் அப்படி என்று அவனால் சொல்ல முடியாது. கடைசியில் அவர் ஹெட்போனைக் கழற்றி, தாரில் சாக்கட்டியால் ஒரு குறி போட்டார். நிமிர்ந்து இவனைப் பார்த்ததும் முகத்தில் எந்த மலர்ச்சியும் இல்லை.

"எனக்கு வேலை வேணுங்க" என்றான். குரல் அவன் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. சலவைக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "அன்னைக்குத் தப்பாச் சொல்லிட்டேன். நான் வேலை தேடிக்கிட்டுத்தான் இருக்கேன். உங்ககிட்டதான் வேலை பார்க்கணும்."

"ரெண்டு தடவை கேட்டேனே. தெரிஞ்சவங்க இருந்தா சொல்றேன்னீங்க."

"அதான் சொல்ல வந்தேன். எனக்குத் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான்."

மண்வெட்டிக்காரர் சிரித்துவிட்டார். தலைவி சிரிக்கவில்லை. வேறு ஒருவர் பெயரை மேலே அனுப்பியாகிவிட்டது, இனிமேல் தன் கையில் இல்லை என்றார். மற்ற நாளாக இருந்தால் அவன் பரவாயில்லைங்க என்று சொல்லிவிட்டு மூன்று தெரு தள்ளிப் போயிருப்பான். பரவாயில்லைங்க என்கிற சொல் உதடு வரைக்கும் வந்தது. அதை முழுங்கினான்.

"அவருக்கு நேர்காணல் முடிஞ்சுதாங்க?"

"இல்லை, இனிமேத்தான்."

"அப்ப என்னையும் கூப்பிடுங்க. ரெண்டு பேரையும் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. இது நான் உங்ககிட்ட கேக்கறது."

தலைவி பையில் மைக்கை வைத்துக் கட்டினார். மேலே ஒரு வார்த்தை சொல்லிப் பார்க்கிறேன், வாக்குக் கொடுக்கவில்லை என்றார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, கேட்டுவிட்டேன் என்று மட்டும் சொன்னான். அவள் அவனுக்கும் தனக்கும் டீ போட்டாள். அவன் அதை நின்றுகொண்டே குடித்தான்.

கூப்பிட்டார்கள். காத்திருக்கிற அறையில் அந்த இன்னொருவரும் உட்கார்ந்திருந்தார். அவரும் வேறு தேசத்திலிருந்து படிக்க வந்தவர்தான். புதுச் செருப்பு, கடிக்கிறது போலிருக்கிறது, குதிகாலைக் குதிகாலைத் தூக்கிக்கொண்டிருந்தார். எதிரி எப்படி இருப்பானோ என்று இவன் கற்பனை செய்து வைத்திருந்ததெல்லாம் வீணாய்ப் போயிற்று. அவர் செல்போனில் தன் இரண்டு குழந்தைகளைக் காட்டினார். வாய் உலர்கிறதா என்று கேட்டு ஒரு மிட்டாய் கொடுத்தார். நல்லபடியாகப் பண்ணுங்கள் என்று இவனுக்கு வாழ்த்தும் சொன்னார். மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு உள்ளே போக இவனுக்கு மனசு வரவில்லை, சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

நேர்காணலில் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னான். அதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. முடிக்கும்போது, எங்களிடம் எதையாவது கேட்க வேண்டுமா என்று வழக்கமான கேள்வியைக் கேட்டார்கள். இந்த வேலையை எனக்குக் கொடுங்கள் என்று கேட்கிறேன் என்றான். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அது நல்ல பார்வையா கெட்ட பார்வையா என்று பேருந்தில் வரும் வழியெல்லாம் குழம்பினான்.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதே நல்லது. அவனும் தூங்கவில்லை, வீட்டில் யாரையும் தூங்க விடவில்லை. கீழ் வீட்டுக்காரர் ஏறி வந்து, மேலே யாருக்காவது உடம்பு சரியில்லையா, யாரோ நடந்துகொண்டே இருக்கிறார்களே என்று விசாரித்துவிட்டுப் போனார். வேலைக்கு ஏங்குகிற நேரத்திலேயே அந்த மிட்டாய்க்காரர் முகமும் வந்து வந்து போயிற்று. அவருக்குக் கிடைக்கக் கூடாது என்று மனசு நினைக்கும், உடனே தன்னையே சீ என்று திட்டிக்கொள்வான். அப்படியும் ஒரு பிழைப்பு.

ஒரு காலையில் போன் வந்தது. மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டு வந்து மனைவி அடுக்களையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிறுவனத்தின் பணியாளர் பிரிவிலிருந்து ஒரு பெண் பேசினாள். உங்களை எடுத்திருக்கிறோம் என்றாள். அவன் நடையின் வேகத்தில் சுவரில் தோளை இடித்துக்கொண்டான். நன்றி சொன்னான். இன்னொரு தடவையும் சொன்னான். பிறகு, மற்றவருக்குச் சொல்லியாகிவிட்டதா என்று கேட்டான். சொல்லிவிட்டோம் என்றாள். நெஞ்சில் எங்கோ சுருக்கென்றது. வேறு ஏதாவது தெரிந்துகொள்ள வேண்டுமா என்று அவள் கேட்டாள், போனை வைக்கப்போகிற குரலில்.

ஒன்றுமில்லைங்க என்று சொல்ல நாக்கு தயாராக இருந்தது. கிடைத்ததே பெரிது, இந்த நேரத்தில் இன்னொன்றைக் கேட்டு இதுவும் கெட்டுப்போனால்? அம்மா முக்காலிமேல் நின்ற வீட்டுப் பிள்ளைக்கு அப்படித்தான் தோன்றும். அடுக்களைப் பக்கம் பார்த்தான். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தாள். குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கையில் பாத்திரம் இருந்தது, கை தேய்க்கவில்லை.

"ஒண்ணு கேக்கணுங்க" என்றான். "என் மனைவிக்கும் வேலை செய்ய அனுமதி வேணும். என் அனுமதிக்கு எழுதும்போதே அவங்களுக்கும் சேர்த்து எழுதிக் குடுக்கணும்."

அவர் என்ன வேலை செய்கிறவர் என்று அந்தப் பெண் கேட்டாள்.

"தணிக்கையாளருங்க."

இந்த நாட்டுக்கு வந்த பிறகு அவளைப் பற்றி யாரும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. அவனும் சொன்னதில்லை. அடுக்களையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

அந்தப் பெண் இழுத்தாள். இப்படியெல்லாம் வழக்கமாக எழுதுவதில்லை, மேலே கேட்க வேண்டும், விசாரித்துவிட்டு அடுத்த வாரம் கூப்பிட்டுச் சொல்லட்டுமா என்றாள். மனைவி ஈரக் கையோடு வந்து அவன் பக்கத்தில் நின்றாள். முகம் சிவந்து, உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"இப்பவே கேட்டுட்டு வாங்க" என்றான் அவன். "நான் லைன்லயே இருக்கேன்."